விளக்கக் குறிப்பை எழுதப்போவது யார்?

காலி நகரில் மதகொன்றின் மூடுகல்லாகக் கிடந்து 1911ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டொன்று இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ளது. சீனக் கடற்தளபதி செங் ஹோவின் பயணத்தோடு தொடர்புடைய, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல்லில் புத்தபிரானுக்குச் சீன மொழியிலும், தெனாவரை நாயனாருக்குத் தமிழிலும், அல்லாஹ்வின் பெயரால் பாரசீகத்திலும் காணிக்கைகள் பொறிக்கப்பட்டுள்ளன. 1877இல் திறக்கப்பட்ட அந்நூதனசாலையைக் கட்டியெழுப்பியவரும் வாப்பிச்சி மரிக்கார் என்ற முஸ்லிம் ஒப்பந்தகாரரே. ஆயினும், அங்குள்ள பொருட்களைக் காத்து விளக்கும் கல்வியை நாடும் தமிழ், முஸ்லிம் மாணவரை நாம் அரிதாகவே காண்கிறோம். (பழம்பொருட்களின் இருப்பிடத்துக்குப் புதுமை என்று பொருள்படும் 'நூதனம்' என்ற பெயர் வாய்த்ததும் ஒரு வேடிக்கைதான்.)

"அதைப் படித்து எங்கே வேலை?" என்று பெற்றோர் கேட்பதில் நியாயமுண்டு. ஆனால், இது கண்ணாடிப் பேழைகளைத் துடைப்பதற்கான படிப்பன்று. இந்தியாவின் பரோடாப் பல்கலைக்கழகம் 1952இலும், இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகம் 1966இலும் இதற்கெனத் தனித்துறைகளை நிறுவின. ஏட்டுச்சுவடியைப் பூச்சியிலிருந்தும் ஈரப்பதனிலிருந்தும் காப்பது, ஒவ்வொரு பொருளையும் பதிவேட்டில் சேர்ப்பது, அது யாரிடமிருந்து எவ்வழியில் வந்தது என்று துருவி ஆராய்வது ஆகியன இத்துறையின் பாடங்களாகும். 1765இல் கண்டியில் ஒல்லாந்தர் கவர்ந்து சென்ற பீரங்கி உள்ளிட்ட ஆறு பொருட்கள் 2023இல் நெதர்லாந்திலிருந்து நாடு திரும்பியமைக்கு இத்தகைய ஆராய்ச்சியே அடிப்படையாயிற்று.

எம்மைப் பொறுத்தவரை, இவற்றுள் மிகவும் கடினமான பாடம் பொருளின் அருகே வைக்கப்படும் நான்கு வரிக் குறிப்பை எழுதுவதாகும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் 'எரிந்தது' என்று எழுதுவதா, 'எரிக்கப்பட்டது' என்று எழுதுவதா? முன்னதை எழுதுபவரைத் தமிழர் எவரும் மன்னியார். அவ்வாறாயின், 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் 'வெளியேறினர்' என்று எழுதுவதையும் நாம் ஏற்கலாகாது. அவர்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ். நகரில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணித்தியாலங்களே. விட்டுச்சென்ற வீட்டின் திறப்பையோ காணி உறுதியையோ ஒருவர் நாளை நூதனசாலைக்குக் கொடுப்பாராயின், அதனைப் பெற்றுப் பதிந்து அவ்வினைச்சொல்லை வழுவாது எழுதத்தக்க தமிழ் அலுவலர் அங்கே இருப்பாரா? அவ்வாறே, நூலகச் சாம்பலிலிருந்து மீண்ட ஏடொன்றுக்குக் குறிப்பெழுத முஸ்லிம் மாணவியொருவர் பயிற்றப்பட்டிருப்பாரா?

யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் கலைப்பீடங்கள் இத்துறையில் கூட்டாகப் பாடநெறியொன்றை வகுப்பது குறித்துச் சிந்திக்க வேண்டும். மூன்றுக்கும் தனித்தனியே ஆய்வுகூடங்களும் விரிவுரையாளர்களும் கிடைக்கும்வரை காத்திருப்பது காரியத்துக்கு உதவாது. ஒரு பருவத்தை யாழ்ப்பாணத்திலும் மறுபருவத்தை ஒலுவிலிலும் மாணவர் கழிப்பதில் பாடத்துக்குப் புறம்பான பயனும் உண்டு. எனினும், பட்டத்தை மட்டும் வழங்கிப் பதவிகளை உருவாக்காது விட்டால், வேலை கேட்டு வீதியோரம் அமரும் கலைப் பட்டதாரிகளின் வரிசையே நீளும். பாடநெறிக்கான முன்மொழிவு மானியங்கள் ஆணைக்குழுவுக்குச் செல்லும்போதே, வடக்கு, கிழக்கு நூதனசாலைகளுக்கான ஆளணிக் கோரிக்கையும் திறைசேரியின் மேசையில் இருக்க வேண்டும்.