சிப்பி பொறுக்குகிறவர்களுக்கு அரசியல் இல்லையாம்

எங்கள் வாட்ஸப் குரூப்புக்கு ஒரே ஒரு சட்டம்தான். குரூப்பின் நெற்றியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது: "அரசியல், சாதி, மதம் வேண்டாம். சிப்பி மட்டும் பேசுவோம்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கூடுவோம். முயல் தீவு, ரோச் பூங்காப் பக்கம், தருவைக்குளம், வண்டி கிடைத்தால் வேம்பாரோ மணப்பாடோ. தண்ணீர் வற்றின நேரம் பார்த்து, குனிந்த தலை நிமிராமல் நடப்போம். உயிருள்ளதைத் தொடுவதில்லை. செத்து ஒதுங்கிய சோழி, முள்ளுச்சங்கு, சிப்பி ஓடு இவற்றைப் படம் எடுத்து, பெயர் தேடி, சண்டை போட்டு, கடைசியில் யாராவது ஒருத்தர் 1914-ல் ஜேம்ஸ் ஹார்னெல் சங்கைப் பற்றி எழுதிய புத்தகத்தை இழுத்துப் போட்டு முடித்துவைப்பார். பிறகு டீ. எனக்கு வாழ்க்கையில் இதைவிடப் பெரிய சந்தோஷம் குறைவு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே எழுதப்போவதைப் படித்துவிட்டு "இவனுக்குக் குரூப் மேல என்னமோ காண்டு" என்று நினைத்துவிடக் கூடாது.

இந்த வருஷம் மே 22 அன்று குரூப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை, காலேஜ் படிக்கிறவள், திரேஸ்புரத்துக்காரி, ஒரு படம் போட்டாள். கடற்கரை மணலில் பதின்மூன்று சிப்பிகளை வட்டமாக அடுக்கி நடுவில் ஒரு மெழுகுவர்த்தி. எழுத்து ஒன்றும் இல்லை. பத்து நிமிஷத்தில் படம் காணாமல் போனது. கீழே அட்மின் அண்ணாச்சியின் குறிப்பு: "குரூப் விதிமுறையை மதிக்கவும். நன்றி." அந்தக் குறிப்புக்கு வரிசையாகக் கட்டைவிரல்கள் விழுந்தன. நாலாவதோ ஐந்தாவதோ கட்டைவிரல் என்னுடையது.

ஏன் போட்டேன்? யோசித்துப் போடவில்லை. கை பழகிவிட்டது. அதுதான் விஷயமே.

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமையில் இருந்து தொடங்குகிறேன். 1908 பிப்ரவரி கடைசியில் இந்த ஊர்க் கோரல் மில்லில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஹார்வி கம்பெனி மில். விடியுமுன் உள்ளே போனால் இருட்டின பிறகு வெளியே வருகிற வேலை, சின்னப் பிள்ளைகளும் உண்டு. வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் கூட்டம் கூட்டமாகப் பேசினார்கள். கூலி உயர்வு கேட்டார்கள், கூடவே வாரத்தில் ஒருநாள் விடுப்பும் கேட்டார்கள். மார்ச் முதல் வாரம் கம்பெனி இறங்கி வந்தது. அடுத்த சில நாட்களில் வ.உ.சி.யைப் பிடித்து உள்ளே போட்டார்கள். ஊர் கொதித்தது. வெள்ளைக்காரன் பக்கம் பேசினவருக்குச் சவரம் பண்ண மாட்டேன் என்று நாவிதர்கள் மறுத்த கதையை இன்றைக்கும் இங்கே சிரித்துக்கொண்டே சொல்வார்கள். திருநெல்வேலியில் போலீஸ் சுட்டதில் நாலு பேர் செத்தார்கள்.

நாம் கால்சட்டையை மடித்துவிட்டு, கழுத்தில் கேமராவைத் தொங்கப்போட்டுக்கொண்டு "சண்டே வாக்" என்று போகிறோமே, அந்தச் சண்டே இந்த ஊரில் யாரோ பட்டினி கிடந்து வாங்கினது. பொழுதுபோக்குக்கு முதலில் பொழுது வேண்டும். நம்ம குரூப்பில் அதைச் சொன்னால் அழித்துவிடுவார்கள்.

சரி, சட்டம்னா சட்டம், எல்லாருக்கும் ஒண்ணுதானே என்று ஒருத்தர் கேட்கலாம். அங்கேதான் எனக்கு முதல் முறை உறைத்தது. 2024 பிப்ரவரி 28. பிரதமர் தூத்துக்குடிக்கு வந்து வெளித்துறைமுகத் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார். ஏழாயிரம் கோடி ரூபாய். அன்றைக்குக் குலசேகரப்பட்டினம் ராக்கெட் தளத்துக்கும் அடிக்கல். குரூப்பில் காலையிலிருந்து கொடி, மேடை, மாலை, "நம்ம ஊரு எங்கயோ போகப்போகுது" என்று பதிவு மேல் பதிவு. அட்மின் அண்ணாச்சியே இதயம் போட்டார். யாரும் எதையும் அழிக்கவில்லை. மறுநாள் 29. உச்ச நீதிமன்றம் ஸ்டெர்லைட் ஆலையைத் திறக்கக் கேட்ட வேதாந்தாவின் மனுவைத் தள்ளுபடி செய்தது. ஒருத்தர் அந்தச் செய்தியின் சுட்டியை மட்டும் போட்டார். ஒரு வார்த்தை கூட எழுதவில்லை. அழிக்கப்பட்டது. "அரசியல் வேண்டாமே, ப்ளீஸ்."

இருபத்துநாலு மணி நேர இடைவெளி. இரண்டும் இதே ஊர்க் கடற்கரையில் நிற்கிற இரண்டு தொழில்களைப் பற்றின செய்தி. ஒன்று வளர்ச்சி, மற்றது அரசியல். வளர்ச்சிக்கு எதிர்ப்பதம் என்ன என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் இனிமேல் "அரசியல்" என்றே எழுதிவிடலாம். நான் வெளித்துறைமுகத்துக்கு எதிரி இல்லை. அங்கே எவ்வளவு தூர்வாருவார்கள், அந்த மண்ணை எங்கே கொட்டுவார்கள், வான் தீவுக்கு என்னாகும் என்று கேட்கத் தோன்றுகிறது, அவ்வளவுதான். சிப்பி பொறுக்குகிறவன் கேட்காமல் வேறு யார் கேட்பது?

வான் தீவைப் பற்றி நாங்கள் நிறையப் பேசியிருக்கிறோம், அழகாக. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே முழுகிவிட்டன. வான் தீவு தேய்ந்து தேய்ந்து போய், அலையைத் தடுக்கக் கான்கிரீட் கட்டைகளைக் கடலுக்குள் இறக்கியிருக்கிறார்கள். அந்தக் கட்டைகளின் மேல் பவளம் ஒட்டி வளர்கிற படத்தைக் குரூப்பில் போட்டபோது எல்லாரும் "வாவ்" என்றார்கள். நானும். பவளப்பாறையைப் பல வருஷம் வெட்டிச் சுண்ணாம்புக்கும் ஆலைக்கும் வண்டி வண்டியாக ஏற்றினதில் வாங்கின தேய்மானம் அது என்று ஒரு மீனவர் அண்ணன் எழுதியதற்குப் பதில் இல்லை. அழிக்கவில்லை, அது உண்மை. ஒரே வரியில் மேலே போய்விட்டது. "குட் மார்னிங்" பூ வந்து மூடிவிட்டது.

சரி, சிப்பிக்குள்ளேயே நிற்போம். சிப்பி மட்டும் பேசுவோம். 1530-களில் இந்தக் கடற்கரைப் பரதவர்கள் முத்துக்குளிக்கும் உரிமைக்கு மற்றவர்களோடு மோதி, போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டு, ஊர் ஊராக வேதத்தில் சேர்ந்தார்கள். அதன்பின் டச்சுக்காரன், அதன்பின் இங்கிலீஷ்காரன், அதன்பின் நம்ம மீன்வளத் துறை. முத்துப்பாரில் எப்போது இறங்கலாம், எடுத்ததில் எத்தனை பங்கு யாருக்கு என்று தீர்மானித்தது எப்போதும் கரையில் உட்கார்ந்திருந்த ஒரு அதிகாரம். மூச்சை அடக்கிக் கீழே போனவன் தீர்மானிக்கவில்லை. கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. 2001-ல் கடல் அட்டையை வனவிலங்குச் சட்டப் பட்டியலில் ஏற்றினார்கள், ஐவிரல் சங்கில் சில இனங்களையும் சேர்த்தார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் முந்தினநாள் வரை அட்டை எடுத்துப் பிழைத்தவன் மறுநாள் குற்றவாளி ஆனான். நாங்கள் அதே வகைச் சங்கைப் படம் எடுத்தால் இயற்கை ஆர்வலர். அவன் எடுத்தால் வழக்கு. சிப்பியில் அரசியல் இல்லை என்று சொல்கிறவர் சிப்பியைப் பார்த்ததே இல்லை.

அட்மின் அண்ணாச்சி கெட்டவர் இல்லை. இதையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் தொண்ணூற்றைந்து சென்டிமீட்டர் கொட்டியபோது, ஊரே தண்ணீருக்குள் கிடந்தபோது, அந்த மனுஷன் இடுப்பளவு தண்ணீரில் தலையில் பன்னும் பால் பவுடரும் சுமந்துகொண்டு தெருத்தெருவாகப் போனார். சிப்பிக் குரூப்பைத்தான் நிவாரணக் குரூப்பாக மாற்றினார். அவருடைய வாதமும் லேசானது இல்லை. எனக்குத் தனியாகச் சொன்னார்: "தம்பி, நம்ம குரூப்ல துறைமுகத்து ஆபீசர் இருக்காரு, உப்பள முதலாளி இருக்காரு, சாமியார் இருக்காரு, ஆலையில காண்ட்ராக்ட் வேலை போனவன் ரெண்டு பேரு இருக்கான். வாயைத் திறந்தா ஒடஞ்சிரும்லா. பேசாம இருந்தாத்தான் ஒண்ணா நடக்க முடியும்."

வேலை போன அந்த இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஒருத்தர் இப்போது ஆட்டோ ஓட்டுகிறார். 2018-க்குப் பிறகு நாடு தாமிரத்தை வெளியே விற்பது நின்று வெளியிலிருந்து வாங்க ஆரம்பித்துவிட்டது என்று அவர் சொல்வது பொய் இல்லை. ஆலையை மூடினால் அங்கே வேலை பார்த்தவனுக்கு என்ன வழி என்று எந்தக் கட்சியும் ஒழுங்காகப் பேசவில்லை என்பதும் பொய் இல்லை. அவருக்குக் கோபம் இருக்கிறது. திரேஸ்புரத்துப் பிள்ளைக்குத் துக்கம் இருக்கிறது. இரண்டு பேரும் ஞாயிறுதோறும் பத்தடி தூரத்தில் குனிந்து நடக்கிறார்கள், ஒருத்தரை ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இதற்குப் பெயர் ஒற்றுமையா? எனக்கு இது ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது.

அதோடு, அமைதி இரண்டு பேருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. ஆலைக்கும் அரசாங்கத்துக்கும் வக்கீல் உண்டு, பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் உண்டு. செத்தவர்கள் வீட்டுக்கு இருப்பது பேச்சு ஒன்றுதான். அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கையை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைத்தார்கள். அந்தச் சூட்டுக்கு அவசியமே இல்லை என்று அது சொல்கிறது. மறைந்திருந்து சுட்டதைச் சொல்கிறது. பதினேழு போலீஸ்காரர்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது. டிவி பார்த்துத்தான் எனக்கே தெரியும் என்று அப்போதைய முதலமைச்சர் சொன்னதையும் ஏற்கவில்லை. அந்த ஆட்சி போய் அடுத்த ஆட்சி வந்து, அறிக்கையை அவர்களே வெளியிட்டும், இந்த ஊர்த் தாய்மார்கள் இன்னும் "எப்போ?" என்றுதான் கேட்கிறார்கள். தேர்தல் நேரத்தில் மட்டும் எல்லாக் கட்சி மைக்கிலும் பதின்மூன்று என்ற எண் வருகிறது. மற்ற நாளில் அதைச் சொன்னால் "விதிமுறையை மதிக்கவும்."

என்னுடைய கணக்கையும் வைத்துவிடுகிறேன். 2013 மார்ச் 23, ஒரு சனிக்கிழமை காலை, ஊரே இருமியது. தொண்டை எரிந்தது, கண் எரிந்தது. அப்போது நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஓடுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். பத்து நாளில் உச்ச நீதிமன்றம் நூறு கோடி ரூபாய் கட்டச் சொல்லி ஆலையை ஓட விட்டது. எனக்கு அது பேப்பரில் வந்த ஒரு செய்தி.

2018 மே 22, செவ்வாய்க்கிழமை. போராட்டத்தின் நூறாவது நாள். பனிமயமாதா கோயில் பக்கமிருந்து சனம் கலெக்டர் ஆபீசுக்குக் கிளம்பினதைப் பார்த்தேன். குடும்பம் குடும்பமாகப் போனார்கள், பிள்ளைகளும் இருந்தார்கள். முதல் நாளே 144 போட்டிருந்தார்கள், நமக்கு எதுக்கு வம்பு என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். மத்தியானம் சுட்டுட்டானுவ என்று பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து சொன்னாள். செத்தவர்களில் பதினேழு வயதுப் பிள்ளை ஒருத்தி உண்டு. சாயங்காலத்துக்குள் திரேஸ்புரத்திலும் ஒரு பெண் செத்தாள். அவர்களுக்கும் எனக்கும் நடுவே அன்றைக்கு இருந்தது நாலு தெரு.

அன்று இரவு என்ன செய்வதென்று தெரியாமல், எப்போதோ எடுத்த ஒரு சோழியின் படத்தைக் குரூப்பில் போட்டேன். "இது என்ன இனம்?" மூன்று பேர் பதில் சொன்னார்கள். ஒருத்தர் "அருமையான வெளிச்சம்" என்றார். யாரும் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டத்திலும் இணையத்தை நிறுத்தினார்கள். ஐந்து நாள் கழித்துத் திரும்பி வந்ததும் குரூப்பில் விழுந்த முதல் செய்தி ஒரு ரோஜாப் பூ. காலை வணக்கம். அந்த உரையாடல் இன்னும் என் போனில் இருக்கிறது. அந்தச் சோழிக்கு மேலேயும் கீழேயும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்திருக்கிறேன். அந்த வாரத்தில் இந்த ஊரில் ஏதாவது நடந்தது என்பதற்கு அதில் ஒரு தடயம் கிடையாது.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் சிப்பி பொறுக்குகிறவர்கள் இல்லை. ஆனால் ஏதாவது ஒரு குரூப்பில் இருப்பீர்கள். வாசிப்பு வட்டம், சைக்கிள், பறவை, மாடித்தோட்டம், உலக சினிமா. சிலே நாட்டு நாவலைப் பற்றிப் பேசும்போது சர்வாதிகாரம் என்று தாராளமாகச் சொல்வோம். துப்பாக்கிச் சூடு வேறு கண்டத்தில் நடந்தால் அது இலக்கியம். கோரம்பள்ளத்தில் நடந்தால் "இங்க வேண்டாமே ப்ரோ". உங்கள் குரூப்பிலும் அந்தச் சட்டம் இருக்கும். கொஞ்சம் பழைய பதிவுகளைத் தேடிப் பாருங்கள், எது அழிந்திருக்கிறது, எதற்கு இதயம் விழுந்திருக்கிறது என்று.

இந்தக் கட்டுரையை அனுப்புமுன் அட்மின் அண்ணாச்சிக்கு வாசிக்கக் கொடுத்தேன். முதுகுக்குப் பின்னால் எழுதினதாக இருக்கக் கூடாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் கூப்பிட்டார். ரொம்ப நேரம் சும்மா இருந்தார். "பன்னு சொமந்ததை எழுதியிருக்கீங்க, அது எதுக்கு?" என்றார். பிறகு, "அந்தப் புள்ள குரூப்பை விட்டுப் போயிட்டா, தெரியுமா?" என்றார். தெரியாது எனக்கு. "ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வாங்க. நடக்கும்போது பேசிக்கிடுவோம். குரூப்ல போட வேண்டாம், அது மட்டும் வேண்டாம்."

"குரூப்லதான் அண்ணாச்சி அழிச்சோம்" என்றேன்.

பார்க்கலாம் என்று வைத்துவிட்டார். அந்தப் பிள்ளையின் நம்பரை வாங்கி, கட்டைவிரல் போட்டவன் நான்தான் என்று எழுதி, மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறேன். இரண்டு நீலக் கோடு வந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.