ஸ்டார்ட் மெனு திறக்கவில்லையா? குற்றம் உங்களுடையது அல்ல!

கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. திரையில் வெளிச்சம் இருக்கிறது. மவுஸை நகர்த்தினால் அம்புக்குறியும் நகர்கிறது. ஆனால் ஸ்டார்ட் பொத்தானை அமுக்கினால் மட்டும் ஒன்றும் வருவதில்லை.

உள்ளே கடிதங்கள் இருக்கின்றன. குழந்தைகளின் படங்கள் இருக்கின்றன. கடைக் கணக்கு இருக்கிறது. எல்லாம் இருந்தும், போகிற வழிதான் அடைபட்டுவிட்டது. "நான் எதையோ தொட்டுக் கெடுத்துவிட்டேன்" என்று வீட்டுப் பெரியவர்கள் பயப்படுகிறார்கள். "நீதான் விளையாடிக் கெடுத்தாய்" என்று பையன் ஏச்சு வாங்குகிறான்.

உண்மையில் பல சமயங்களில் குற்றம் பையனுடையதும் அல்ல, பெரியவருடையதும் அல்ல. அது எப்படி?

30 ஆண்டுக் கதை

ஸ்டார்ட் மெனு பிறந்தது 1995 ஆகஸ்டு 24-ந் தேதி. அமெரிக்காவில் உள்ள மைக்ரோசாப்ட் கம்பெனி அன்றுதான் விண்டோஸ் 95-ஐ வெளியிட்டது. கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கூட எங்கே தொடங்குவது என்று தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காகவே, திரையின் மூலையில் ஒரு பொத்தானை வைத்தார்கள். ஜனங்களுக்கு அது பழகிப்போயிற்று.

2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தது. பொத்தானைக் காணோம்! மெனுவுக்குப் பதிலாகத் திரை முழுவதும் கட்டம் கட்டமாக நின்றது. எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. மறு ஆண்டே பொத்தான் திரும்பி வந்தது. 2015-ல் விண்டோஸ் 10-உடன் மெனுவும் திரும்பியது. 2021-ல் வந்த விண்டோஸ் 11, அதை மூலையிலிருந்து நடுவுக்கு நகர்த்தியது. 2025 இறுதியில் அதன் உருவம் மறுபடியும் மாறியது.

வெளித்தோற்றம் மட்டுமா மாறியது? உள்ளே இருக்கும் அமைப்பும் மாறிவிட்டது. கோளாறுகளின் வேர் அங்கேதான் இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது?

பழைய மெனு ஒரு சாதாரணப் பட்டியல். இன்றைய மெனுவோ தனியாக ஓடும் ஒரு புரோகிராம். அது வேறு பல பகுதிகளை நம்பி நிற்கிறது. தேடும் பகுதி, எழுத்தையும் படத்தையும் வரைந்து காட்டும் பகுதி, இன்டர்நெட்டிலிருந்து தகவல் கொண்டுவரும் பகுதி என்று பல உண்டு. இவற்றில் ஒன்று படுத்துவிட்டால் மெனுவும் படுத்துவிடும்.

2021 செப்டம்பரில் நடந்ததைப் பாருங்கள். விண்டோஸ் 11 அப்போது கடைக்கு வரவில்லை. முன்கூட்டியே சோதித்துப் பார்க்க முன்வந்தவர்களிடம் மட்டுமே இருந்தது. திடீரென்று பலருடைய ஸ்டார்ட் மெனுவும், அடிப்பட்டையும் அசையாமல் நின்றுவிட்டன. அவர்கள் எதையும் தொடவில்லை. கம்பெனியின் சர்வரிலிருந்து வந்த ஒரு தகவலே காரணம் என்று மைக்ரோசாப்ட் ஒப்புக்கொண்டது. அது டீம்ஸ் என்ற அதே கம்பெனிச் சரக்கின் விளம்பரம் என்று, ஆராய்ந்து பார்த்த ஒருவர் எழுதினார்.

2025 நவம்பரில் இன்னொரு ஒப்புதல் வந்தது. அந்த ஆண்டு ஜூலை முதல் வெளியான அப்டேட்டுகளை ஏற்றிய சில கம்ப்யூட்டர்களில், முக்கியமாக அலுவலகங்கள் நிர்வகிப்பவற்றில், ஸ்டார்ட் மெனு சரியாகத் திறக்காமல் போகலாம் என்று கம்பெனியே அறிவித்தது. மெனுவுக்குத் தேவையான துணைப் பகுதிகள் உரிய நேரத்தில் தயாராகாததே காரணம்.

முதலில் செய்ய வேண்டியது

பதற வேண்டாம். சுலபமான வழியிலிருந்து தொடங்குங்கள்.

ஒன்று: கீபோர்டில் விண்டோஸ் படம் போட்ட கட்டையை அமுக்குங்கள். மெனு திறந்தால், கோளாறு மெனுவில் இல்லை. மவுஸையும் அடிப்பட்டையையும் கவனியுங்கள்.

இரண்டு: கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கட்டைகளையும் சேர்த்து அமுக்குங்கள். டாஸ்க் மேனேஜர் என்ற பெட்டி திறக்கும். அதில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் என்ற வரியின்மேல் மவுஸின் வலது பொத்தானை அமுக்கி, ரீஸ்டார்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அடிப்பட்டை ஒரு கணம் மறைந்து திரும்பி வரும். அநேகம் பேருக்கு இதிலேயே காரியம் முடிந்துவிடும்.

மூன்று: முடியாவிட்டால், கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் அமுக்குங்கள். கீழே வலது மூலையில் வரும் பவர் குறியைத் தொட்டு, ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட் டவுன் போதாதா என்று கேட்கலாம். போதாது. சீக்கிரம் எழுந்திருப்பதற்காக, பல கம்ப்யூட்டர்கள் ஷட் டவுன் செய்யும்போது உள்நிலையில் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொள்கின்றன. ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

நான்கு: விண்டோஸ் கட்டையுடன் ஐ எழுத்தை அமுக்கினால் செட்டிங்ஸ் திறக்கும். புதிய அப்டேட் காத்திருந்தால் ஏற்றுங்கள். அப்டேட் ஏற்றிய மறுநாளே தொல்லை தொடங்கியதா? அந்த அப்டேட்டை நீக்கிப் பார்க்கவும் அங்கே வழி உண்டு.

ஐந்து: புதிதாக ஒரு யூசர் கணக்கு உண்டாக்கி, அதில் நுழைந்து பாருங்கள். அங்கே மெனு திறந்தால், பழைய கணக்கின் அமைப்பில்தான் பழுது. மெஷின் நன்றாகவே இருக்கிறது.

இவ்வளவுக்கும் மசியாவிட்டால் விஷயம் தெரிந்தவரிடம் கொடுக்கலாம். ஆனால் அதற்கு முன் விண்டோஸ் கட்டையுடன் இ எழுத்தை அமுக்குங்கள். கோப்புகள் இருக்கும் இடம் திறக்கும். படங்களையும் கணக்குகளையும் வேறு டிரைவில் நகல் எடுத்து வையுங்கள். "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுவிடலாம்" என்று சொல்வது சுலபம். அழிந்த படம் திரும்பி வராது.

ஜாக்கிரதை!

மெனு கெட்டதைவிடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு. பதற்றத்தில் இருப்பவர்களைத் தேடி மோசடிக்காரர்கள் வருகிறார்கள். "உங்கள் கம்ப்யூட்டரில் பழுது, இந்த நம்பருக்குப் போன் செய்யுங்கள்" என்று திரையில் எச்சரிக்கை காட்டுவார்கள். அல்லது தாங்களே கம்பெனியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். தங்களுடைய எச்சரிக்கைகளில் போன் நம்பர் ஒருபோதும் இராது என்று மைக்ரோசாப்ட் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. முன்பின் தெரியாதவரைத் தொலைவிலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழையவிட்டால், பாங்கிக் கணக்கும் காலியாகலாம். இந்தியாவில் பணம் பறிபோனால் உடனே 1930 என்ற நம்பருக்குப் புகார் செய்ய வேண்டும்.

யார் பொறுப்பு?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கொடுத்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதியுடன் முடிந்தது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுக்காரர்களுக்கு மேலும் ஓராண்டு பாதுகாப்பு அப்டேட் மட்டும் உண்டு என்று அறிவித்தார்கள். மெனு போன்ற சாதாரணக் கோளாறுகளைத் திருத்துவது அதில் சேராது. பழைய மெஷின் வைத்திருக்கும் குடும்பங்களில் பல, அந்த மெஷின் விண்டோஸ் 11-ஐ ஏற்காததால், புதிதாக வாங்கவும் முடியாமல், பழையதை நம்பவும் முடியாமல் நிற்கின்றன.

காசு கொடுத்து வாங்கியவர் ஒருவர். அவருடைய திரையில் எது எப்போது மாற வேண்டும் என்று தீர்மானிப்பவர் வேறொருவர். அப்டேட்டை அடியோடு நிறுத்துவது இதற்குப் பரிகாரம் அல்ல. வைரஸ்களைத் தடுப்பதும் அதுவேதான். ஆனால் பாதுகாப்பை ஒரு மூட்டையிலும், விளம்பரத்தையும் அலங்காரத்தையும் வேறு மூட்டையிலும் அனுப்பலாம் அல்லவா? இரண்டாவது வேண்டாம் என்று சொல்லும் உரிமையை வீட்டுக்காரரிடம் விடலாம் அல்லவா?

2012-ல் காணாமல் போன பொத்தான், ஜனங்கள் கேட்டதால்தான் திரும்பி வந்தது. இதையும் கேட்டால்தான் கிடைக்கும். அதுவரை, மெனு திறக்காத காலையில் பையனை ஏசாதீர்கள். மூன்று கட்டைகளை அமுக்கச் சொல்லிக்கொடுங்கள்.