டாகோ தின்ன ரோட்டுக்கு வாங்க!

லாஸ் ஏஞ்சலீஸ்ல நல்ல டாகோ எங்க கிடைக்கும்னு ஆபீஸ்ல புதுசா வர்ற நம்மாளுங்க கேக்குறப்பெல்லாம் நான் சொல்றது ஒண்ணுதான்: ஏசி ஹோட்டல் பக்கமே போகாதீங்க. வெனிஸ் - லா ப்ரேயா முனையில பெட்ரோல் பங்க்ல நிக்கிற லியோஸ் டாகோஸ் வண்டிக்குப் போங்க.

அங்க 'அல் பஸ்தோர்' வாங்கணும். மசாலாவுல ஊறின பன்றிக்கறியைக் கம்பியில அடுக்கி, சுத்தவிட்டு வேகவச்சு, சீவிப் போட்டு, மேலேருந்து அன்னாசித் துண்டையும் வெட்டி விடுவாங்க. ஷவர்மாவுக்குத் தம்பி மாதிரி இருக்கேன்னு தோணுதா? தம்பியேதான்! லெபனான்லேருந்து மெக்ஸிகோ போனவங்க கொண்டுபோன வித்தை. கூட்டம் அள்ளுறதால கறி காய நேரமே இல்லை, சீவினது சுடச்சுட தட்டுக்கு வந்துடும்.

பன்றி வேணாமா? பாயில் ஹைட்ஸ்ல மாரிஸ்கோஸ் ஹலிஸ்கோ வண்டியில இறால் வச்சு மடிச்சுப் பொரிச்ச டாகோ இருக்கு.

"ரோட்டுக்கடை, சுத்தமா இருக்குமா?"ன்னு மூக்கைச் சுளிக்கிற சாமிகளா, கையேந்தி பவன்ல வளர்ந்தவங்கதானே நாம? :-) முன்னல்லாம் இங்க நடைபாதையில தள்ளுவண்டி போட்டா கிரிமினல் கேஸே போடுவாங்க. 2018லதான் அது கூடாதுன்னு மாநிலம் முழுசுக்கும் சட்டம் வந்துச்சு. அவங்க கேஸு வாங்கிக்கிட்டுக் காப்பாத்தின ருசி இது. நாம என்னடான்னா அதையே ஹோட்டல்ல மூணு மடங்கு காசு குடுத்து ஆறிப்போய்த் தின்னுட்டு வர்றோம்.

ராத்திரி போறதா இருந்தா எனக்கும் ஒரு போன் போடுங்க.