நிற்கத் தெரிந்த வேக வீரர்



கார் பந்தயம் என்றாலே உங்களில் பலருக்கு உற்சாகம் பிறந்துவிடும். டி.வி.யில் பார்முலா 1 கார்கள் 'விர்ர்ர்' என்று சீறிப் பாய்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பந்தயத்தில் 1988, 1990, 1991 என மூன்று முறை உலக சாம்பியன் ஆனவர் பிரேசில் நாட்டின் அயர்டன் சென்னா.

சென்னாவுக்கு நான்கு வயதானபோது, புல் வெட்டும் இயந்திரத்தின் மோட்டாரைப் பொருத்தி ஒரு குட்டிக் காரைச் செய்துகொடுத்தார் அவருடைய அப்பா. 13 வயதில் சிறிய 'கார்ட்' வண்டிப் பந்தயங்களில் சென்னா கலந்துகொண்டார். ஆரம்பத்தில் மழை பெய்தால் அவரால் சரியாக ஓட்ட முடியவில்லை. மற்றவர்கள் முந்திச் சென்றார்கள். அதற்காக அவர் சோர்ந்துவிடவில்லை. மழை வரும்போதெல்லாம் வண்டியை எடுத்துக்கொண்டு பயிற்சிக்குக் கிளம்பிவிடுவார். 1984-இல் மொனாகோவில் கொட்டும் மழையில் நடந்த பார்முலா 1 பந்தயத்தை 13-ஆவது இடத்தில் தொடங்கி, இரண்டாவதாக வந்து எல்லாரையும் வியக்கவைத்தார்!

ஆனால், அவரை நாம் நினைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு.

1992-இல் பெல்ஜியத்தில் பயிற்சி ஓட்டம் நடந்துகொண்டிருந்தது. எரிக் கோமாஸ் என்ற பிரெஞ்சு வீரரின் கார் விபத்துக்குள்ளானது. அவர் மயங்கிவிட்டார், காரின் இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. எந்த நேரமும் தீப்பிடிக்கலாம். பின்னால் வந்த சென்னா தன் காரை நிறுத்தினார். இறங்கி, மற்ற கார்கள் வரும் பாதையிலேயே ஓடினார். இன்ஜினை அணைத்தார். மருத்துவர்கள் வரும்வரை கோமாஸின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். கோமாஸ் பிழைத்தார்.

1994, ஏப்ரல் 30. இத்தாலியின் இமோலாவில் நடந்த தகுதிச் சுற்றில் ஆஸ்திரிய வீரர் ரோலண்ட் ராட்சன்பெர்கர் விபத்தில் இறந்தார். மறுநாள் பந்தயத்தில் சென்னா முதலிடத்தில் சென்றுகொண்டிருந்தார். ஏழாவது சுற்றில் அவரது கார் ஒரு வளைவில் விலகிச் சென்று கான்கிரீட் சுவரில் மோதியது. அப்போது அவருக்கு வயது 34. அவருடைய காருக்குள் ஓர் ஆஸ்திரியக் கொடி இருந்தது. வென்றால் அதை அசைத்து, இறந்த நண்பருக்கு அஞ்சலி செலுத்த நினைத்திருந்தாராம்! விபத்து நடந்த இடத்தை நேரில் கண்ட கோமாஸ், அன்று மேற்கொண்டு காரோட்ட மனமின்றி விலகிக்கொண்டார்.

இரண்டு உயிர்கள் போன பிறகு பந்தய உலகம் விழித்துக்கொண்டது. ஆபத்தான அந்த வளைவை மாற்றி அமைத்தார்கள். கழுத்தைக் காக்கும் கருவி 2003-இலும், தலையைக் காக்கும் 'ஹாலோ' என்ற வளையம் 2018-இலும் கட்டாயமாயின. 2020-இல் பஹ்ரைனில் ரொமைன் குரோஜான் என்ற வீரரின் கார் மோதி இரண்டாகப் பிளந்து தீப்பற்றியது. அந்த நெருப்பிலிருந்தும் அவர் உயிரோடு வெளியே வந்தார். பிரேசில் குழந்தைகளின் படிப்புக்காக, சென்னாவின் அக்கா விவியானி அவர் பெயரில் ஒரு நிறுவனத்தையும் நடத்தினார்.

குட்டி நண்பர்களே! பள்ளியில், விளையாட்டில், தேர்வில் முதலாவதாக வர நீங்களும் ஓடுங்கள். தவறே இல்லை. ஆனால், பக்கத்தில் ஓடும் நண்பன் தடுக்கி விழுந்தால் ஒரு நிமிடம் நின்று கை கொடுங்கள். உலகின் மிக வேகமான வீரர்களில் ஒருவருக்கே அதற்கு நேரம் இருந்ததே!

அன்புடன்,
ஆசிரியர்