கல்லைத் தொழுகிறோமா?

"கடவுளுக்கு உருவமில்லை என்று உங்கள் நூல்களே கூறுகின்றனவே; பின்னர் ஏன் கல்லுக்குப் பாலும் பன்னீரும் சொரிகிறீர்கள்?"

சைவ மாணவர் பலர் தம் தோழரிடமிருந்து கேட்கும் வினா இது. புத்தளத்துக்கும் சிலாபத்துக்கும் இடையே அமைந்த எங்கள் மதுரங்குளி போன்ற ஊர்களில் இவ்வினா எழுதல் வியப்பன்று. பள்ளிவாசலின் தொழுகை அழைப்பும், தேவாலய மணியும், விகாரையின் பிரித் ஓதலும், கோயிற் சேமக்கலத்தின் ஓசையும் இக்கரையோரத்திலே ஒரே காற்றிற் கலந்து வருவன. அருகருகே அமர்ந்து பயிலும் பிள்ளைகள் ஒருவரையொருவர் வினாவுதல் இயல்பே. அதிற் பகைமை ஏதும் இல்லை.

ஆனால், வினாவப்பட்ட பிள்ளை என்ன செய்கிறது? விடை அறியாமையாற் சினங்கொள்கிறது. அன்றேல், "அதெல்லாம் எங்கள் பாட்டியின் பழக்கம்" என்று நாணி நழுவுகிறது. சினமும் நாணமும் அறியாமை ஈன்ற இரட்டைப் பிள்ளைகள். பிள்ளைகளுக்கு இவ்விரண்டையும் விடுத்து நல்லதொரு விடையை அளித்தல் பெற்றோரின் கடமை. ஆதலின் இவ்வாரம் இவ்வினாவையே எடுத்துக்கொள்வோம்.

வழக்கமாக நாம் கூறும் விடை ஒன்றுண்டு: "கல்லாதவர்க்கு உருவ வழிபாடு, கற்றவர்க்கு அருவ வழிபாடு." கேட்பதற்கு இது பொருத்தமாகத் தோன்றும். சற்றே சிந்திப்பின், நம் பாட்டியைப் பாலர் வகுப்பிலும் நம்மை மேல் வகுப்பிலும் அமர்த்தும் செருக்கே அதனுள் மறைந்திருப்பது புலனாகும். இறைவன் சொல்லுக்கும் நினைவுக்கும் எட்டாதவன் என்பதைத் திருநாவுக்கரசர் அறியாதவரா? அறிந்த அவர்தாம் உழவாரப் படையைக் கையிலேந்தி, ஊர் ஊராகச் சென்று, கோயில் முற்றங்களிற் புல்லைச் செதுக்கினார். உருவ வழிபாடு அறியாதவர்க்கு மட்டுமே உரியதாயின், அப்பெருமகனார் முதுமையிலும் அதனை விட்டிருக்க வேண்டுமே!

நம் சித்தாந்த நூல்கள் கூறும் விடை வேறு. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், இறைவன் உயிர்களின் பொருட்டுக் கொள்ளும் நிலைகளை ஒன்பதாக வகுக்கின்றது. சிவம், சத்தி, நாதம், விந்து என்னும் 4ம் அருவம். சதாசிவம் ஒன்று அருவுருவம். மகேசன், உருத்திரன், மால், அயன் என்னும் 4ம் உருவம். இவ்வொன்பதுக்கும் அப்பாற்பட்டது அவனது சொரூப நிலை. இதில் மாணவர் ஊன்றி நோக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. அருவமும் அவன் கொள்ளும் நிலைகளுள் ஒன்றேயன்றி, அவனுடைய முடிந்த இயல்பன்று. "இறைவன் இவ்வுருவமே" என்று கூறுவோன் அவனை ஓர் எல்லைக்குட்படுத்துகிறான். "உருவெடுக்க அவனால் இயலவே இயலாது" என்று கூறுவோனும் அவ்வாறே செய்கிறான். இரண்டிலும் அடங்காதவன் இரண்டாகவும் வந்தருளவல்லான் என்பதே நம் கொள்கை.

புத்தளப் பகுதியினர்க்கு இதனை விளக்க நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை, உப்பளமே போதும். களப்பு நீரைப் பாத்தியிற் பாய்ச்சும்போது அதில் உப்பு இருப்பதைக் கண்ணாற் காண இயலுமா? வெயில் ஏற ஏற, அந்நீரிலிருந்தே வெண்பளிங்கு போல் உப்பு விளைகிறது. கையில் அள்ளுகிறோம், மூட்டையிற் கட்டுகிறோம். மீண்டும் நீரிலிட்டால் உருவம் மறைகிறது, சுவை மறைவதில்லை. சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மைந்தன் சுவேதகேதுவுக்கு மெய்ப்பொருளை உணர்த்தியதும் உப்பைக் கொண்டே. இரவில் நீரில் உப்பை இடச்செய்து, காலையில் அதை எடுத்துத் தருமாறு பணித்தார். மைந்தனால் எடுக்க இயலவில்லை. மேலும் நடுவும் அடியும் சுவைத்துப் பார்க்கச் சொன்னார். எங்கும் உப்பாகவே இருந்தது. காணப்படாதது இல்லாததன்று என்று அம்மைந்தன் உணர்ந்தான். பாத்தியில் விளைந்த உப்பைக் கண்டு, "இதுவேறு, நீரிற் கலந்திருந்த உப்பு வேறு" என்று எவரேனும் கூறுவரோ? உவமை ஒருபுடை ஒப்புமையே. உப்பு வெயிலுக்கு வசப்பட்டது, இறைவனோ தன் அருளினால் வருபவன். எனினும் அடியாரின் அன்பு முதிர்ந்த இடத்தில் அவன் திருமேனி விளங்குகிறது என்று கொள்வதிற் பிழையில்லை.

இனி, நம் வழிபாட்டு முறைகளையே சான்றாக அழைப்போம். வீட்டிலே நற்கருமம் தொடங்குங்கால், தாயார் ஒரு பிடி மஞ்சளைக் குழைத்துப் பிள்ளையாராகப் பிடித்து, அறுகம்புல் சாத்துகிறார். சற்று முன்பு அது அடுக்களை மஞ்சள். ஆவாகனம் செய்தபின் விக்கினம் தீர்க்கும் விநாயகர். வழிபாடு நிறைவேறியதும் வழியனுப்பி நீரிற் கரைத்துவிடுகிறோம். மஞ்சளே கடவுள் என்று எண்ணும் ஒருவர் அதனைக் கரைக்கத் துணிவரோ?

பெருங்கோயிலிலும் இதுவே முறை. திருப்பணி தொடங்குமுன் பாலஸ்தாபனம் என்னும் கிரியை நிகழ்கிறது. மூலத்திருமேனியில் விளங்கும் இறைவனைக் கும்பநீரில் எழுந்தருளச்செய்து, வேறோர் இடத்தில் வைத்துப் பூசிக்கின்றனர். அதன் பின்னரே சிற்பியின் உளி கருவறையுள் நுழையும். திருப்பணி முடிந்து குடமுழுக்கு நாளில் கும்பநீர் திருமேனிமீது சொரியப்படும். வருமாறு வேண்டுதலும், இருக்குமாறு வேண்டுதலும், வழியனுப்புதலும் நம் பூசையின் உறுப்புக்கள். இவையெல்லாம் கல்லை நோக்கிச் செய்யும் வேண்டுகோள்கள் அல்ல.

சிதம்பரத்துக்குச் சென்றோர் இதனைக் கண்ணாரக் காணலாம். அங்கே ஆடவல்லான் உருவத் திருமேனி, படிகலிங்கம் அருவுருவம், அருகே திரையை விலக்கினால் பொன் வில்வமாலை தொங்கும் வெளியே அருவம். மூன்றும் ஒரே சபையில் ஒருங்கே வழிபடப்பெறுகின்றன. ஒன்று மற்றொன்றைத் தள்ளுவதில்லை. நம் நாட்டுக் கதிர்காமத்திலோ விழாக்காலத்து யானைமீது எழுந்தருள்வது பேழையுள் மறைந்த யந்திரம். மக்கள் திரையை நோக்கி நின்று, கண்ணீர் மல்க, "அரோகரா" என்கின்றனர்.

நமக்கு அண்மையிலுள்ள முன்னேசுவரமும் இவ்வுண்மையைப் போதிக்கின்றது. அங்கே இறைவன் சிவலிங்கமாக, அருவுருவினனாக, வீற்றிருக்கிறான். இறைவியின் திருநாமமோ வடிவாம்பிகை. வடிவென்று பிரிக்கவொண்ணாதவன் பக்கத்திலே வடிவையே பெயராகக் கொண்ட அன்னை! அக்கோயில் 1578ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயரால் அடித்தளம் வரை இடிக்கப்பட்டது. கல்லே கடவுளாயின், அன்றோடு அங்கு வழிபாடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கண்டியரசன் கீர்த்திசிறீ இராசசிங்கன் காலத்தில், 1753இல், அது மீண்டும் சிறப்புற்றது. இன்று தமிழரும் சிங்களவரும் ஒருங்கே அங்கு வணங்குகின்றனர். திருக்கோணேசுவரம் 1622இல் அழிக்கப்பட்டது. 1950இல் திருகோணமலையிற் கிணறு தோண்டியபோது அக்கோயிலின் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 300 ஆண்டுகளுக்கு மேல் மண்ணுள் மறைந்திருந்த அத்திருமேனிகளைக் கண்டு மக்கள் மகிழ்ந்தனர். ஆனால் அவ்வளவு காலமும் அவர்கள் கடவுளை இழந்திருக்கவில்லை. உருவத்தை உயிர்போற் காத்தலும், உருவம் போனபோது உள்ளம் தளராமையும் ஒரே பத்தியின் இரு முகங்கள்.

பிறர் வினாவுக்கு விடையளிக்கும் வழியையும் நம் முன்னோர் காட்டியுள்ளனர். ஆறுமுக நாவலர் மெதடிசுதப் பாடசாலையிற் பயின்றவர். பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர். அவர் 1854இல் சைவதூஷண பரிகாரத்தை வெளியிட்டபோது, எதிர்த்தோரின் நூலை நன்கு கற்றறிந்தே விடைகூறினார். அவரே சைவக் கோயில்களில் நிகழ்ந்த முறைகேடுகளையும் கண்டித்தார். வெளியார்க்கு விடையளிப்பதோடு நம் கடன் முடிவதில்லை என்பதே அதன் பொருள்.

அவ்வாறாயின், "நீங்கள் கல்லைத் தொழுகிறீர்கள்" என்னும் பழி நம்மீது ஒருபோதும் பொருந்தாதா? பொருந்தும் இடம் ஒன்றுண்டு. கருங்கல்லில் இறைவனைக் கண்டு கைகூப்பும் ஒருவன், வாயிலில் நிற்கும் மனிதனிடத்தே அவனைக் காண மறுத்தானாயின், அவன் தொழுதது கல்லையே. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள், 1939ஆம் ஆண்டு வரை, பிறப்பினால் ஒதுக்கப்பட்டோர் புகமுடியவில்லை. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் 1968இல் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தது. எங்கும் நிறைந்தவன் என்று ஓதிய வாயே "நீ உள்ளே வராதே" என்றும் கூறியது. எந்தப் பிறசமயத்தாரின் ஏளனமும் நம் வழிபாட்டுக்கு இவ்வளவு இழுக்கைத் தேடியதில்லை.

ஆதலின், மாணவர்களே, தோழன் வினாவினாற் சினவாதீர், நாணவும் வேண்டாம். அவன் உருவமின்றி வணங்குவது அவனுக்குரிய நெறி. அதனைக் குறைகூறுதல் உங்களுக்கு விடையாகாது. "எங்கும் உள்ளவனை, என் கண்ணும் கையும் நெஞ்சும் ஒருங்கே பற்றிக்கொள்ள, இங்கே வருமாறு வேண்டுகிறோம்" என்று அமைதியாகக் கூறுங்கள். கூறிய பின், கோயிலை விட்டு வெளியே வரும்போது, வாயிலில் நிற்பவன் யாராயினும் அவன் முகத்தையும் ஒருமுறை நோக்குங்கள். உள்ளே வணங்கியது கல்லையா, கடவுளையா என்பதை அந்த நோக்கே காட்டிவிடும்.