பெரியம்மா தூங்கினாங்களா?



ஏப்ரல் 2 உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள் என்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் டீச்சர் சொன்னார்கள். ஐ.நா. சபை 2007-ல் அறிவித்ததாம். அன்று முழுக்க எல்லாரும் "ஆட்டிசம் குழந்தைகள்" என்றே பேசினோம். எனக்கு என் பெரியம்மா மகன் ஞாபகம்தான் வந்தது. அண்ணனுக்கு 27 வயசு. தாடி மீசை எல்லாம் உண்டு. ஆட்டிசம் வளர்ந்தால் சரியாகிப் போகிற வியாதி இல்லை. குழந்தை பெரிய ஆளாகும், அம்மாவுக்கும் வயசாகும். அதை ஏன் யாரும் பேசவில்லை?

அண்ணனுக்குக் குக்கர் விசில் சத்தம் ஆகாது. அதனால் அந்த வீட்டில் இன்னும் வடிசோறுதான். கரண்ட் போய் ஃபேன் நின்றால் தன் கையையே கடித்துக்கொள்வார். ராத்திரி எழுந்து ரோட்டுக்குப் போய்விடுவார் என்று பெரியம்மா கதவைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு படுப்பார். படுப்பார் என்றுதான் எழுதினேன், தூங்குவார் என்று எழுதவில்லை. பெரியப்பா இறந்த பிறகு வேலைக்கும் போகவில்லை, எந்தக் கல்யாணத்துக்கும் வருவதில்லை.

பார்க்கிறவர்கள் "பையன் எப்படி இருக்கான்?" என்பார்கள். சிலர் "மாசமா இருக்கறப்ப கிரகணத்துல வெளிய வந்தியா?" என்று கேட்பார்கள். படிக்காதவர்கள்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். தாய் பாசம் காட்டாததால்தான் ஆட்டிசம் வருகிறது என்று அமெரிக்காவில் பெரிய டாக்டர்களே ஒரு காலத்தில் சொன்னார்கள். பெர்னார்ட் ரிம்லாண்ட் என்பவர் 1964-ல் புத்தகம் எழுதி அதை மறுத்தார். அவர் மகனுக்கும் ஆட்டிசம். வீட்டில் பார்த்தவருக்குத்தானே தெரியும்!

நான் மட்டும் ஒழுங்கா? ஏழாவது படிக்கும்போது பஸ் ஸ்டாப்பில் அண்ணன் கை தட்டிக்கொண்டு நின்றார். கூட இருந்தவள் "யாருடி அது?" என்றாள். "தெரியல" என்றேன். பெரியம்மா பக்கத்தில்தான் நின்றார். காதில் விழுந்திருக்கும். இன்று வரை என்னிடம் கேட்கவில்லை. இதைப் படிக்கும்போது யார் வீடு என்று உங்களில் சிலருக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும்.

போன வருஷம் வீடு வீடாகப் பிரஷர் பார்க்க வந்த அக்கா, பெரியம்மாவுக்கு அதிகமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, "ராத்திரி தூங்குறீங்களாம்மா?" என்று கேட்டார். அவ்வளவுதான். பெரியம்மா அழ ஆரம்பித்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அப்படி ஒருத்தர் கேட்டு நான் பார்த்ததில்லை. மனசு பாரமாக இருந்தால் 14416-க்குப் போன் செய்யலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம் என்று அந்த அக்கா காலண்டரில் எழுதிக் கொடுத்தார். பெரியம்மா ஒரு தடவை பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.

பெரியம்மாவின் பயம் ஒன்றுதான், "எனக்கப்புறம் இவன யாரு பாப்பா?" 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 18 வயசு தாண்டியவர்களுக்கும் கலெக்டர் இருக்கிற குழு மூலமாகப் பாதுகாவலரை நியமிக்கலாமாம். நல்ல சட்டம்தான். ஆனால் காகிதத்தில் பெயர் இருந்தால் போதுமா, இன்று ராத்திரி யார் முழித்திருப்பது?

பாவம் பார்ப்பது வேண்டாம், இரண்டு மணி நேரம் கொடுங்கள் என்பதுதான் என் கருத்து. உங்கள் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்கலாம். அவர்களை முதலில் பழகிக்கொள்ளுங்கள், சத்தம் போடாதீர்கள். பயமாக இருந்தால் அந்த அம்மாவுக்கு ரேஷன் வாங்கிக் கொடுங்கள், அதுவும் உதவிதான்.

நான் இப்போது ஞாயிற்றுக்கிழமை 2 மணிக்குப் போய்விடுவேன். அண்ணனும் நானும் புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்குவோம். ஒன்று கோணலானாலும் அண்ணன் எல்லாவற்றையும் கலைத்துவிடுவார், மறுபடி முதலில் இருந்து! முதல் இரண்டு வாரமும் பெரியம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரம் முந்தானையில் இருந்து சாவியை அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தார். நான்கு மணிக்கு எழுப்பச் சொல்லியிருந்தார். நான் ஐந்து வரை எழுப்பவில்லை.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி