பணம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள், "அம்மா, நான் சைக்காலஜி படிக்கப் போறேன்" என்றாள் என் பெண். நான் பதில் சொல்வதற்குள் மாமியார் முந்திக்கொண்டு, "பைத்தியத்துக்குப் பார்க்கிற படிப்பா? நாளைக்கு எவன்டி கட்டிப்பான்?" என்றார். இவர் பேப்பரை விட்டுத் தலையே தூக்கவில்லை.

அதே வாரம் என் அக்கா போன் பண்ணினாள். "என் பிள்ளை ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் படிக்கணும்கிறான். விளையாடறதுக்கு ஒரு டிகிரியாடி?" என்று ஒரே புலம்பல்.

நான் பிளஸ் டூவோடு நின்றவள். இரண்டு படிப்புமே எனக்குப் புதுசு. இரண்டு பிள்ளைகளுக்காகவும் நாலு இடம் ஏறி இறங்கி விசாரித்ததை, ஜூன் மாதம் வந்தால் என்னைப் போல் முழிக்கும் சகோதரிகளுக்காக எழுதுகிறேன்.

என் பெண்ணுக்கு இந்த ஆசை சும்மா வரவில்லை. எட்டு வருஷத்துக்கு முன் என் ஓர்ப்படிக்குப் பிரசவமானது. குழந்தையைத் தொட மாட்டாள், தூங்க மாட்டாள், ஓயாமல் அழுவாள். நாங்கள் மந்திரித்தோம், கயிறு கட்டினோம். ஒரு மாசம் வீணாகப் போயிற்று. பிறகு அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தார். அங்கேயே சைக்காலஜிஸ்ட் அம்மா ஒருவர் வாரா வாரம் அவளை உட்கார வைத்துப் பேசினார். மெள்ள மெள்ளச் சரியானாள். கூடவே போய் வந்துகொண்டிருந்த என் பெண் அப்போது பத்து வயசு. அந்த அம்மாவைத்தான் மனசில் வைத்திருக்கிறாள்.

முதலில் ஒரு கல்லூரிக்குப் போனோம். கையில் வளையலை அடகு வைத்து வாங்கின பணம். "மூணு வருஷம் முடிச்சா போர்டு மாட்டி உட்கார்ந்துடலாம்மா. இடம் காலியாகுது, இன்னிக்கே அட்வான்ஸ் கட்டிடுங்க" என்றார் அங்கே இருந்தவர். எனக்கு ஏனோ நெருடியது. "ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன் சார்" என்று சொல்லி, நேரே அந்த சைக்காலஜிஸ்ட் அம்மாவிடம் போனோம்.

அவர் சொன்னது இதுதான். மனநல டாக்டர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மேற்கொண்டு மனநல மருத்துவம் படித்தவர். மருந்து எழுதுவது அவர் வேலை. சைக்காலஜி படித்தவர் மருந்து எழுதுவதில்லை. பேசியும், சோதனைகள் செய்தும், பழக்கங்களை மாற்றியும் உதவுகிறார். ஆனால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆவதற்கு மூணு வருஷப் பட்டம் போதாது. அதற்கு மேல் முதுகலை, அதற்கும் மேல் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த, ஆஸ்பத்திரிப் பயிற்சியோடு கூடிய படிப்பு, பிறகு கவுன்சிலில் பதிவு. மொத்தம் ஏழு வருஷம் போல ஆகிவிடும். 2017-ம் வருஷத்து மனநலச் சட்டமும் இந்தத் தகுதியைத்தான் சொல்கிறதாம்.

"மூணு வருஷத்தில் போர்டு மாட்டினவரிடம் உங்க ஓர்ப்படியை அனுப்புவீங்களா?" என்று கேட்டார். எனக்கு வாயடைத்துப் போயிற்று.

அதற்காக மூணு வருஷம் வீண் இல்லை. குழந்தை வளர்ச்சி, நினைவாற்றல், மனக் கோளாறுகள், கொஞ்சம் புள்ளியியல், லேபில் சோதனைகள் எல்லாம் உண்டு. பிளஸ் டூவில் எந்த குரூப் படித்திருந்தாலும் பல கல்லூரிகளில் எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு சோஷியல் வொர்க், கம்பெனிகளில் ஆள் எடுக்கும் பிரிவு என்றும் போகலாம். தபால் வழியில் படிக்கலாமே என்று நினைத்தால், 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கை முதல் சைக்காலஜியைத் தபாலிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது.

இனி அக்கா பிள்ளை கதை. ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் விளையாடும் படிப்பு இல்லை. விளையாட்டை நடத்தும் படிப்பு. 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்ததே, நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட நாட்டு ஆட்கள் வந்தார்கள். அவர்களை ஏர்போர்ட்டில் அழைத்து, அறை கொடுத்து, சாப்பாடு போட்டு, நேரத்துக்குப் போட்டியில் உட்கார வைக்க எத்தனை பேர் உழைத்திருப்பார்கள்! அந்த வேலைகளுக்கான படிப்புதான் இது. கணக்கு வழக்கு, விளம்பரம், ஒப்பந்தச் சட்டம், மைதானப் பராமரிப்பு எல்லாம் வரும்.

"நீ என்னவாகணும்டா?" என்று அவனைக் கேட்டேன். "ஸ்கூல்ல பி.டி. மாஸ்டர் ஆகணும் சித்தி" என்றான். அதற்கு இது வழியே இல்லை. ஒரு டிகிரி முடித்து பி.பி.எட். படிக்க வேண்டும். சென்னை நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920-லிருந்து இருக்கிறது. மேலக்கோட்டையூரில் விளையாட்டுப் பல்கலைக்கழகமே இருக்கிறது. அவன் இப்போது உடற்கல்விப் பக்கம் திரும்பிவிட்டான். கேட்காமல் விட்டிருந்தால் மூணு வருஷமும் அக்காவின் சேமிப்பும் போயிருக்கும்.

மாமியாருக்குக் கடைசியாக ஒரு சேதி சொன்னேன். 2024-ல் நம்ம குகேஷ் பதினெட்டு வயசில் உலக செஸ் சாம்பியன் ஆனானே, அவன் மனசைத் திடப்படுத்த பேடி அப்டன் என்ற பயிற்சியாளர் துணையாக இருந்தார் என்று. "ஓகோ, கெட்டிக்காரப் பிள்ளைக்கே வேண்டியிருக்கா?" என்று மாமியார் அடங்கினார்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை:

1. பட்டம் கொடுப்பது எந்தப் பல்கலைக்கழகம்? அதற்கு யு.ஜி.சி. அங்கீகாரம் உண்டா?

2. அந்தப் பாடத்துக்கென்று நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர்? லேப் இருக்கிறதா?

3. பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறார்கள்?

4. போன வருஷம் முடித்தவர்கள் என்ன செய்கிறார்கள்? இரண்டு பேரிடமாவது நேரில் பேசுங்கள்.

5. ஹாஸ்டல், பரீட்சைக் கட்டணம் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு?

எல்லாவற்றுக்கும் முன்னால் பிள்ளையைக் கேளுங்கள்: "இதைப் படிச்சு நீ என்னவாகணும்?" அந்தப் பதிலுக்கும் படிப்புக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள்.

என் பெண் வேறொரு கல்லூரியில் சைக்காலஜி சேர்ந்துவிட்டாள். ஏழு வருஷம் என்று இவரிடம் சொன்னபோது, பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "வளையலை எப்படியும் மீட்டுக்கலாம். அவ படிக்கட்டும்" என்றார்.